ஆப்பச் சோடாவும் கிணற்று ஜலமும்

ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை சோடா இடும் வழக்கத்தை யாவரும் அறிவர். இரசாயன நூலார் இதனைச் சோடியம் பைகார்பனேட் என்பர். புளித்த மாவிலுள்ள அமிலம் இதனோடு சேர்ந்தவுடன் கரியமிலவாயு வெளிப்பட்டு மாவை உப்பச் செய்கிறது. தோல் பதனிடும் சாலைகளிலும் இதற்கு வேலையுண்டு. உப்பும் அமிலமும் ஊட்டிய தோலில் குரோமிய உப்பு உட்புகுந்த பின்னர், அமிலத்தைத் தணித்துக் குரோமியத்தைத் தோலின் நாரோடு பிணைக்கும் பொருட்டு இதனைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர்.

அடுக்களையில் உதவும் இப்பொருள் கழனியில் பகையாகும். பைகார்பனேட் மிகுந்த ஜலத்தைப் பாய்ச்சினால் மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிட, சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொள்ளும். மண் நனைந்தால் குழைந்தும், உலர்ந்தால் ஓடு கட்டியும் ஜலத்தை உள்ளே விடாது. இதுவே களர். உவரோ வேறு. அங்கே கரையும் உப்புக்கள் மிகுந்திருப்பதால் வேர்கள் ஜலத்தை உறிஞ்ச மாட்டாமல் பயிர் வாடும்.

வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெருந்தவறென்பது நமது அபிப்பிராயம். பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் பெய்யும் சாதாரண உப்பே தோல் சாலைக் கழிவில் மிகுதி. அதனால் விளைவது பெரும்பாலும் உவர். பாலாற்றங்கரையை விட்டு விலகி, சவ்வாது மலையடிவாரத்தில் காடு சூழ்ந்த அமிர்தி போன்ற இடங்களிலோ, பாறை சிதைவதாலேயே கிணற்றில் பைகார்பனேட் சேரக்கூடும். அதற்குத் தோல் சாலையைக் குறை கூறிப் பயனில்லை.

மருந்தும் வெவ்வேறு. களருக்கு ஜிப்சம் இட்டு, நல்ல ஜலம் தேக்கி, வடிகால் வழியே சோடியத்தை வெளியேற்ற வேண்டும். உவருக்கு ஜிப்சம் இடுவது வீண் செலவு. நல்ல ஜலமும் வடிகாலுமே வேண்டும். மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரை கண்டு தீர்மானிப்பதும் தகாது. வெறும் சுண்ணாம்பும் அவ்வாறே நுரைக்கும்.

ஆகவே பரிசோதனையே வழி. கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்த அளவு, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவை லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலென்டுக்கு மேல் விஞ்சினால் அந்த ஜலம் அப்படியே பாசனத்திற்கு ஆகாது, 1.25க்கு உட்பட்டால் அச்சமில்லை. உப்பின் மொத்த அளவையும் உடன் அறிதல் வேண்டும்.

இதில் கிராம அதிகாரிகளுக்கும் கடமையுண்டு. மாசு செய்தவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் சாலைகளைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் உறுதிசெய்தனர். ஆயினும் கிணற்றின் முன்னிலையும் பின்னிலையும் பதிவாகாவிடில் குடியானவர் எதைக் காட்டி நியாயம் கேட்பார்? ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் ஜலத்தைச் சோதித்து, முடிவைக் கிராமத்தில் குறித்து வைத்தல் வேண்டும். அந்தக் குறிப்பு பயிருக்கு மருந்தையும் காட்டும். வழக்குக்குச் சாட்சியாகவும் நிற்கும்.