நாயாற்றுச் சேற்றில் மழைக்கணக்கு

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்வோர் நாயாற்றுப் பாலத்தில் நின்று களப்பின் நீரையும் பறவைகளையும் கண்டு மகிழ்வர். அடியிற் கிடக்கும் சேற்றை எண்ணிப் பார்ப்போர் அரியர். பண்டைக்காலத்து மழையை இன்று எங்ஙனம் அறிவதென வினவும் மாணவர்க்கு நாம் அச்சேற்றையே காட்டுவோம். மழைமானி கொண்டு எழுதிய கணக்கு இந்நாட்டில் இரண்டு நூற்றாண்டுக்கு உட்பட்டதே. அதற்கு முந்திய ஏடு மண்ணிலேதான் உளது.

மாரியில் ஆறுகள் காட்டு மண்ணைக் களப்பிற் கொணர்ந்து இடுகின்றன. கோடையில் மணற்றிடர் முகத்துவாரத்தை அடைக்க, நீர் வற்றி உவர் மிகுகின்றது. நன்னீரில் வாழும் நுண்பாசி வேறு, உவர்நீரில் வாழ்வது வேறு. அவை மடிந்தாலும் அவற்றின் கண்ணாடி போன்ற ஓடுகள் அழிவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் மகரந்தமும் அழியாது கிடக்கும். நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, நெடுக்காகப் பிளந்து, படை படையாக ஆராய்வர். ஒவ்வொரு படையின் வயதையும் அதிலுள்ள இலைச்சருகின் கதிரியக்கக் காபன் உணர்த்தும். அக்காபன் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவது. நண்டும் புழுவும் துளைத்துக் குழப்பிய இடமாயின் அவ்வளவு உழைப்பும் வீணே!

மணற்படை யாவும் வெள்ளத்தின் சுவடு எனக் கொள்ளலாகாது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையில் கடல் மணலைக் கொட்டிற்று.

ஹோர்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் மகரந்தத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ 24,000 ஆண்டுக் கதையை அறிஞர் 2003 இல் வெளியிட்டனர். நீலகிரிச் சதுப்பை ஆராய்ந்தோர் 1993 இலேயே வேறொரு வழி கண்டனர். வறட்சியைத் தாங்கும் புல்லின் காபன் ஒரு வகை, மரஞ்செடிகளின் காபன் மற்றொரு வகை. அவற்றின் விகிதமே அவர்க்குச் சான்று. இற்றைக்கு இருபதினாயிரம் ஆண்டுகளின் முன், உலகின் வடபால் பனி மூடிக்கிடந்த காலத்தில், இங்கு பருவமழை நலிந்திருந்ததென இரு மலைகளும் தனித்தனியே சாட்சி பகர்கின்றன.

ஆயினும் அவை பெரிதும் சோளகக் காற்றின் கதையையே கூறுகின்றன. வன்னியின் குளங்களோ வாடை மழையால் நிறைபவை. அம்மழை தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் பொய்த்ததுண்டு என்பது, குளத்து நீரை நம்பி விதைப்போர்க்கு வெறும் ஏட்டு வினாவன்று. அதற்கு விடை கீழைக்கரைக் களப்புகளிலேயே தேடத்தக்கது.

தூர்ந்த களப்பை ஆழமாக்குக என மீன்பிடிப்போர் கேட்பது நியாயமே. வாரியெடுத்த சேற்றைப் பின்னர் அடுக்கிப் படித்தல் இயலாதாகலின், இயந்திரத்தை இறக்குமுன் நாலைந்து குழாய்ச் சேற்றையேனும் எடுத்து வைத்தல் வேண்டும்.