கரியமில வாயுவும் காணி உறுதியும்

குளிரை விற்றுச் சீவிக்கும் தொழிலொன்று உண்டு. சாராய ஆலைகளிலே சர்க்கரை நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயுவைப் பிடித்துச் சுத்திகரித்து, அழுத்திக் குளிர்வித்தால் அது திரவமாகும். அத்திரவத்தைத் திடீரென வெளியே விட்டால் ஒரு பகுதி வாயுவாய்ப் பறக்க, எஞ்சியது வெண்பனியாய் உதிரும். அப்பனியை இறுக்கியதே உலர் பனிக்கட்டி. பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை வரை குளிர்ந்த அது, நீராக உருகாமல் நேரே ஆவியாகிவிடும்.

நாளுக்கு நாள் எடை குறையும் இச்சரக்கு, இரவு பகல் பாராத உழைப்பைக் கேட்கிறது. தந்தை களஞ்சியத்திலும், மகன் லொறியிலும், மருமகள் கணக்கேட்டிலும் நின்று நடத்தும் குடும்பத் தொழிலுக்கு இது மிகவும் பொருந்தும். 1916 ஆம் ஆண்டில் விருதுநகரிலே பி.வி.எஸ்.கே. பழனியப்பன் தொடங்கிய காளி மார்க் சோடாக் கம்பனியை நோக்குக. தண்ணீரில் இதே வாயுவை அடைத்து விற்ற அந்நிறுவனம், நூறாண்டு கடந்தும் அக்குடும்பத்தாரின் கையிலேயே இருக்கிறது. 1993 இல் இந்தியாவின் பெயர்பெற்ற பானங்கள் பல அமெரிக்கக் கம்பனிக்கு விலைபோனபோதும் அது விலைபோகவில்லை.

அத்தகைய குடும்பமொன்று நமது சப்பிரகமுவத் தோட்டங்களில் ஏன் தோன்றவில்லை? யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் வாழும் நம்மவர் உழைப்புக்கு அஞ்சியவரா? கணக்கறியாதவரா? குளிருக்குத்தான் இங்கே தேவையில்லையா? பாலையும் மீனையும் ஒருநாள் காத்து வைக்க வழியில்லாத விவசாயி, தரகர் சொன்ன விலைக்கே தலையாட்ட வேண்டியவனாகிறான். 2021 இல் உலகெங்கும் பைசர் தடுப்பூசியைச் சுமந்து சென்றதும் இவ்வுலர் பனிக்கட்டியே.

விடை அறிவியலில் இல்லை. காணிச் சட்டத்தில் இருக்கிறது.

பெரிய ஆலை வேண்டாம். கொழும்பிலிருந்து சரக்கெடுத்து ஊரில் விற்கும் சிறு களஞ்சியம் போதும் என்று கொள்வோம். அதற்கும் காற்றோட்டமுள்ள கொட்டகை வேண்டும். காற்றினும் கனமான இவ்வாயு மூடிய அறையில் தேங்கினால் ஆளைக் கொன்றுவிடும். 1986 இல் கமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து எழுந்த இதே வாயு, ஒரே இரவில் ஏறத்தாழ 1,700 உயிர்களைக் குடித்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிலே, பிள்ளைகள் உறங்குமிடத்திலே, இத்தொழிலை நடத்த முடியுமா? கொட்டகைக்குக் காணி வேண்டும். முதலுக்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு ஈடாக உறுதி வேண்டும். தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பொன்னாக்கியவனிடம் அந்த ஒரு தாள்தான் இல்லை!

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவனைத் தலைக்கணக்காகப் பங்கிட்டனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால், மண் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, வியர்வை தொழிலாளிக்கு என்ற பங்கீடு மட்டும் மாறவில்லை. வேலையோடு ஒட்டிய வீடு வேலை போனால் ஆட்டங்காணும். அதனைப் பிள்ளைக்குச் சொத்தாக விட்டுச் செல்லவும் இயலாது. சொத்துரிமை இல்லாத இடத்தில் குடும்பத் தொழில் எங்ஙனம் முளைக்கும்?

அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியோடு வீடுகள் சில எழுந்தன. அதனை வரவேற்கிறோம். ஆயினும் நமது கோரிக்கை தெளிவானது. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்த உறுதி வேண்டும். தெருவோரத்திலே தொழிலுக்கென ஒதுக்கிய துண்டு நிலம் வேண்டும்.

உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்பர் சிலர். அந்த அச்சம் மெய்யானால், குறித்த சில ஆண்டுகளுக்கு விற்பனையைத் தடுக்கும் நிபந்தனையை எழுதுங்கள். வங்கியில் ஈடு வைக்கும் உரிமையைத் தடுக்காதீர்கள். தோட்டம் துண்டாகும் என்பர் வேறு சிலர். வீட்டடி நிலத்தாலும் தெருவோரக் கொட்டகையாலும் எந்தத் தோட்டமும் அழிந்துவிடாது.

சட்டமறிந்தோர் தோட்டந்தோறும் சென்று காணி விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். உழவர் பெருமக்கள் தோட்ட மக்களோடு தோள் சேரட்டும். உலர் பனிக்கட்டி சுவடின்றி ஆவியாவது இயற்கை. ஒரு சமுதாயத்தின் உழைப்பு அவ்வாறு ஆவியாவது அநீதி. அந்த அநீதிக்கு முடிவு கட்டுவோம்!