ரெண்டர் படத்தை நம்பி வீடு கட்டலாமா?

வீடு கட்டப் போகிறவர்கள் பலரது கையில் இன்று இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று பிளான், மற்றொன்று பளபளக்கும் 3டி படம். பிளானைப் பார்த்தால் தலை சுற்றும், படத்தைப் பார்த்தால் மனம் நிறையும். எனவே வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் சரி சொல்கிறார்கள். இது ஆபத்து என்பது என் கருத்து.

காகிதத்தில் உள்ள வரைபடம் 3டி படமாவதில் இரண்டு கட்டங்கள் உண்டு. நீளம், அகலம், உயரம் கொடுத்து உருவத்தை அமைப்பது மாடலிங். அதற்கு வண்ணமும் வெளிச்சமும் நிழலும் கொடுத்து, ஒரு கேமராவை ஓரிடத்தில் வைத்துப் படமாக்குவது ரெண்டரிங். அளவுத் தவறுகள் அகப்படுவது மாடலிங்கில்தான். ரெண்டர் படமோ கேமரா பார்க்கும் பக்கத்தை மட்டுமே காட்டும்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வரலாற்றிலேயே இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1975-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் நியூவெல், தன் வீட்டு டீபாட்டை கிராப் தாளில் வரைந்து, அதிலிருந்து புள்ளிகளை எடுத்து கம்ப்யூட்டரில் உருவமாக்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்த டீபாட்டுக்கு முதலில் அடிப்பாகமே கிடையாது! படத்தில் அடி தெரியாததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. டீபாட் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வீடு என்றால்?

என் அக்கா வீட்டு பிளானில் தளத்துக்குத் தளம் 10 அடி. நேராக ஏறும் மாடிப்படி. 6 அங்குல உயரத்தில் 20 படிகள், கால் வைக்கும் அகலம் 10 அங்குலம். மேல் தளத்தில் படிக்காக விட்ட திறப்பின் நீளம் 9 அடி. 3டி படத்தில் மரப்படிகளும் தொங்கும் விளக்கும் அத்தனை அழகு. பிளானை நானே மாடல் செய்து பார்த்தேன். 5 அங்குல கான்கிரீட் போக, ஒன்பதாவது படியில் ஏறும் இடத்தில் தலைக்குக் கிடைத்த உயரம் 5 அடி 1 அங்குலம்தான். அத்தானின் உயரம் 5 அடி 9 அங்குலம்! திறப்பை 12 அடியாக்கியதும் 7 அடி 1 அங்குலம் கிடைத்தது. இது கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

“வாடிக்கையாளர் கேட்பது படத்தைத்தானே, மாடலுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்?” என்பார்கள் வரைந்து தருபவர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. கேட்காத வேலையை யார் செய்வார்கள்? ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். இப்போது கையால் போட்ட ஸ்கெட்ச்சைக் கொடுத்தாலே ஏஐ புரோகிராம்கள் நொடிகளில் அழகான படம் தந்துவிடுகின்றன. அப்படி வரும் படத்துக்குப் பின்னால் அளந்து பார்க்க மாடலே இருக்காது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 2006-ல் கூகுள் வாங்கி, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்திடம் போன ஸ்கெட்ச்அப் புரோகிராமின் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே இயங்கும். பிளானை ஸ்கேன் செய்து அதில் இம்போர்ட் செய்யுங்கள். டேப் மெஷர் டூலால் ஒரு சுவரின் இரு முனைகளையும் கிளிக் செய்து உண்மையான நீளத்தை டைப் செய்தால், மொத்தப் படமும் அந்த அளவுக்கு மாறிவிடும். பிறகு சுவர்களின் மேல் கோடு வரைந்து, புஷ்/புல் டூலால் மேலே இழுங்கள். அப்படியே படிக்கட்டையும் மேல் தளத்தையும் எழுப்புங்கள். வண்ணம் எதுவும் வேண்டாம். படியில், கதவருகில், பரண் அடியில் அளந்து பாருங்கள்.

முழுவதும் இலவசமான பிளெண்டர் இருக்கிறது. ரெண்டரிங்கை அதில் ஆசை தீரச் செய்யலாம். ஆனால் அது இரண்டாவது வேலை. அடுத்த முறை 3டி படத்துக்குப் பணம் கொடுக்கும்போது மாடல் பைலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், பிளானுக்கு ஒப்புதல் தரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி நீங்களே மாடல் செய்துவிடுங்கள்.