சுண்டைக்காய் கால் பணம். சுமைகூலி முக்கால் பணம்!

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தால் கோட்டை போன்ற வீடுகள் தெரியும். தூணும் கதவும் பர்மா தேக்கு. தரையில் இத்தாலி நாட்டுச் சலவைக்கல். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி.

இத்தனையும் கடல் கடந்து வந்தவை. காரைக்குடியிலோ துறைமுகம் கிடையாது. பிறகு எப்படி வந்தன?

ஆள் வைத்திருந்தார்கள். அதுதான் ரகசியம்.

ரங்கூனில் கடை இருக்கும். முதலாளி ஊரில் இருப்பார். தாம் இல்லாத இடத்தில் தமக்காகப் பார்க்க ஒரு ஏஜெண்டை அனுப்புவார். வழக்கமாக 3 ஆண்டுகளுக்கு ஒருவர். வரவு செலவை அந்த ஏஜெண்டு முதலாளிக்கு எழுதி அனுப்ப வேண்டும். இந்த முறையை வைத்துத்தான் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று பல நாடுகளில் தொழில் நடத்தினார்கள்.

இன்று வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்பவருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். ஆனால் ஆள் வேண்டிய இடம் மாறிவிட்டது. வெளிநாட்டில் பொருள் வாங்க இன்று ஒரு தொலைபேசி போதும். சரக்கு முடங்குவது பெரும்பாலும் நம் துறைமுகத்தில்தான்!

எங்கே முடங்குகிறது?

காரைக்குடி மர வியாபாரி ஒருவர் தேக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பர்மாதான் இன்றைய மியான்மர். உருட்டு மரங்களை வெளியே அனுப்புவதை அந்த நாடு 2014-ல் நிறுத்திவிட்டது. ஆகவே ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் வரவழைக்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் அனுப்பியாகிவிட்டது.

"கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் விலையிலேயே அடக்கம்" என்கிறார் விற்பவர். வியாபாரிக்கு மகிழ்ச்சி. ஆனால் கப்பலைப் பிடிப்பவர் விற்பவர்; ஆகவே அவர் தமக்குச் சாதகமானதைத்தான் பிடிப்பார். அங்கே குறைத்த கூலியை, இங்கே டெலிவரி ஆர்டர் கட்டணம், கையாளும் கட்டணம் என்று பல பெயர்களில் வசூலிப்பதும் உண்டு.

அடுத்தது சுங்கம். 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற பத்திரத்தைப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம். அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய்!

பெரிய கப்பலில் வந்து கொழும்பில் இறங்கி, சிறு கப்பலில் ஏறித் தூத்துக்குடிக்கு வரும் கண்டெய்னர்கள் ஏராளம். எந்தக் கப்பல் என்றைக்குக் கரை சேரும் என்பதைக் காரைக்குடியில் கடையைக் கவனித்துக்கொண்டே எத்தனை பேரால் பார்க்க முடியும்?

மரம் என்றால் பூச்சி நோய் இல்லை என்ற சான்று வேண்டும். புகை மூட்டிய விவரம் வேண்டும். ஒரு தாளில் பிழை இருந்தாலும் சரக்கு நிற்கும். அது நின்றால் துறைமுகத்துக்கு ஒரு வாடகை, கப்பல் கம்பெனிக்கு ஒரு வாடகை. இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்துச் சரக்கை விற்றுவிடவும் சட்டத்தில் இடம் உண்டு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்!

நம் பக்கத்து ஆள் என்ன செய்வார்?

நல்ல கிளியரிங் ஏஜெண்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்பே தாள்களின் நகலை வாங்கிப் பார்ப்பார். பிழையை அங்கேயே திருத்தச் சொல்வார். ஏறிய பிறகு திருத்துவது கடினம்.

கப்பல் கூலி தனி, சரக்கு விலை தனி என்று பேசச் சொல்வார். கப்பலை நம் சார்பில் அவரே பிடிப்பார். மொத்தச் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சிறு வியாபாரிக்கு ஒரு கண்டெய்னர் நிறையச் சரக்கு இராது. நாலைந்து பேர் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து, அவரவர் பங்குக்கு மட்டும் கூலி வாங்குவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது கோளாறு என்றால் போய் நின்று கேட்கலாம். தூத்துக்குடி நமக்குச் சில மணி நேரப் பயணம். கடல் கடந்த கம்பெனியின் வாசலில் போய் நிற்க முடியுமா?

"கம்ப்யூட்டர் இருக்கிறதே, நாமே செய்துகொள்ளலாமே" என்பார்கள். செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. மாதம் தவறாமல் இறக்குமதி செய்யும் பெரிய கம்பெனி அதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு கண்டெய்னர் எடுப்பவர் தாமே கற்றுக்கொள்ளப் போனால், முதல் பிழையே ஏஜெண்டின் கூலியை விழுங்கிவிடும்.

கவனம் தேவை

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் நம்பக் கூடாது. கப்பலில் இடம் பிடித்துத் தர யாரும் முன்வரலாம். ஆனால் சுங்கத்தில் உங்களுக்காகத் தொழில் முறையில் பத்திரம் கொடுக்க, சுங்கத் தரகர் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். உறவினர் சொன்னார் என்பது உரிமம் ஆகாது.

எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தாமதமானால் வாடகை யார் தலையில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இறக்குமதி எண்ணை இன்னொருவர் சரக்குக்கு இரவல் கொடுக்காதீர்கள்.

ஏனென்றால், ஏஜெண்டு உங்கள் பெயரில் செய்தது உங்களுக்குத் தெரிந்தே செய்ததாகத்தான் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பழைய முதலாளிகளும் ஏஜெண்டை வைத்தார்கள். ஆனால் கணக்கைப் பார்க்காமல் விட்டதில்லை. ஆளை நம்ப வேண்டும். கணக்கையும் கேட்க வேண்டும். அப்போதுதான் கரைக்கு வந்த சரக்கு கடைக்கு வந்து சேரும். அடகு வைத்த நகையும் வீட்டுக்குத் திரும்பும்.