வாட்டர் பெல் அடிச்சாச்சு... டாய்லெட் பெல் எப்போ?

"மிஸ், ரெஸ்ட்ரூம் போகட்டுங்களா?"

"இப்பதானே இன்டர்வெல் விட்டாங்க? உட்காரு."

சேலம், நாமக்கல் பக்கம் எந்த வகுப்பறையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. காலையில் வேன் வந்துவிடும் என்ற அவசரத்தில், மலம் கழிக்கக்கூட நேரமில்லாமல் குழந்தை கிளம்புகிறது. பள்ளிக் கழிவறையில் நாற்றம், தாழ்ப்பாளும் இல்லை என்றால் மாலை வரை அடக்கிக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால்தானே பிரச்னை என்று, வாட்டர் பாட்டிலை நிரப்பியது நிரப்பியபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

இதற்காகத்தான் தமிழக அரசு 2025-ல் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' கொண்டுவந்தது. காலை 11, மதியம் 1, மாலை 3 என மூன்று முறை மணி அடிக்கும். நல்ல விஷயம். ஆனால், குடித்த தண்ணீர் வெளியே போகவும் அனுமதி வேண்டுமே?

அடக்கினால் என்ன ஆகும்?

8 வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளளவு சுமார் 270 மி.லி.தான். அதற்கு நேர் பின்னால் இருக்கிறது மலக்குடல். மலத்தை அடக்க அடக்க அது இறுகி, குடல் வீங்கி, சிறுநீர்ப்பையை அழுத்தும். அடக்கியே பழகிய தசைகள், கழிவறையில் உட்கார்ந்த பிறகும் முழுசாகத் தளராது. மிச்சமாகத் தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும். காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வரும் தொற்று, சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பை ஏற்படுத்தலாம். இந்த இரண்டு பிரச்னைகளும் சேர்ந்து வருவதைத்தான் டாக்டர்கள் 'சிறுநீர்ப்பை - குடல் செயல்பாட்டுக் கோளாறு' என்கிறார்கள்.

மலச்சிக்கலைச் சரிசெய்தால்?

அமெரிக்காவின் அயோவாவில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 1997-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. மலச்சிக்கல் தீர்ந்தவர்களில், பகலில் ஆடை நனைத்துவந்த 89 சதவிகிதம் பேருக்கும், இரவில் நனைத்துவந்த 63 சதவிகிதம் பேருக்கும் அந்தப் பிரச்னையே நின்றுபோனது.

அதனால், 5 வயதுக்கு மேல் பகலில் ஆடை நனைந்தாலோ, ஜட்டியில் மலக்கறை இருந்தாலோ அது சேட்டையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அடித்தால் குழந்தை இன்னும்தான் அடக்கும். 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் பழக்குங்க. சாப்பிட்ட பிறகு 5 நிமிடம் கழிவறையில் உட்காரவையுங்க. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் போடுங்க. கீரை, பழம், தண்ணீர் அவசியம். மருந்தை மட்டும் குழந்தைகள் நல மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீங்க. காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சொட்டுச் சொட்டாகப் போவது, கால் பலவீனம் என்றால் தாமதிக்கவே கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் குழந்தைகள் நலப் பிரிவு இருக்கிறது.

மிச்ச வேலை பள்ளிகளுடையது. எல்லாப் பள்ளிகளிலும் கழிவறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே உத்தரவிட்டுவிட்டது. கட்டடம் மட்டும் போதாது. உள்ளே தண்ணீர் வரணும், தாழ்ப்பாள் விழணும், கேட்டால் டீச்சர் அனுப்பணும்.

மார்க்குக்குப் பெயர்போன ஊர் நாமக்கல். அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் எல்லாரும் எத்தனை சென்டம் என்று கேட்கிறார்கள். அடுத்த முறை, அந்தப் பள்ளியின் கழிவறைக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்க.