ஓட்டத்தில் ஆஃப் ஆகிற கார்: "மாத்திப் பாப்போம்" வைத்தியம் வேண்டாமே!

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகிறது. ஓரம் கட்டி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடுகிறது. மெக்கானிக் பாவம், என்ன செய்வார்? "ஃபில்டரை மாத்திப் பாப்போம் சார்" என்பார். அடுத்த தடவை ப்ளக். அதற்கும் அடுத்த தடவை பெட்ரோல் பம்ப். மூன்று பில் கட்டிய பிறகும் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இந்த 'மாத்திப் பாக்கிற' வைத்தியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். காசு போவதை விடுங்கள். வண்டி சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு மறுபடி ஹைவேயில் ஏறுகிறோமே, அதுதான் ஆபத்து. பெட்ரோல் எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வரும் வாக்குவமும் நின்றுவிடும். மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். பயத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும், ஆனால் திரும்பும். வண்டி நிற்கும்வரை சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடலாம்.

"ஆஃப் ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 2003 மாடல் சாட்டர்ன் அயான், 2005 மாடல் செவர்லே கோபால்ட் போன்ற கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் ரொம்ப லூஸ். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி 'ரன்' நிலையிலிருந்து நழுவிவிடும். எஞ்சின் ஆஃப், கூடவே ஏர்பேக்கும் ஆஃப்! கம்பெனி இதை வெகுநாள் பாதுகாப்புப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை, 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கியது. 2005-ல் டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இருந்த யோசனை என்ன தெரியுமா? சாவிக்கொத்தில் இருக்கும் கனமான பொருட்களைக் கழற்றச் சொல்லுங்கள் என்பது! 2006-ல் ஸ்விட்ச்சின் வடிவத்தை மாற்றினார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை, அதனால் பிறகு விசாரித்தவர்களுக்குப் பழசும் புதுசும் ஒன்றாகவே தெரிந்தது.

2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு இளம்பெண் தன் கோபால்ட் ஓட்டத்தில் ஆஃப் ஆகிறது என்று டீலரிடம் விட்டார். பெட்ரோல் இஞ்ஜெக்‌ஷன் பகுதியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் அதே காரில் விபத்தில் இறந்துபோனார். அவர் குடும்பம் தொடுத்த வழக்கில் ஒரு பொறியாளர் பழைய ஸ்விட்ச்சையும் புது ஸ்விட்ச்சையும் பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்த டீலர் செய்ததும் 'சுத்தம் பண்ணிப் பாப்போம்' வைத்தியம்தானே?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வண்டி எப்படி நின்றது என்று யோசியுங்கள். ஸ்விட்ச்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா, அல்லது திணறி, இழுவை குறைந்து, இருமி நின்றதா? சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம்: இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, எர்த் ஒயர், லூசான பேட்டரி டெர்மினல், கிராங்க் சென்சார். திணறி நின்றால் பெட்ரோல் சரியாக வரவில்லை என்று சந்தேகப்படலாம். கியரில் ஓடும்போதே நின்றால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் ஆர்.பி.எம். முள் உடனே பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சாரையோ இக்னிஷன் சப்ளையையோதான் முதலில் பார்க்கணும்.

அடுத்து, எப்போது நிற்கிறது? சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் கிராங்க் சென்சார் அல்லது பெட்ரோல் பம்ப். (டாங்கில் பெட்ரோல் குறைந்தால் பம்ப் சீக்கிரம் சூடாகும், அதைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.) குண்டு குழியில் இறங்கும்போது நின்றால் லூஸ் கனெக்‌ஷன். எஞ்சினை ஓடவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கலாம், கை ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல்! சிக்னலில் கால் எடுத்ததும் நின்றால் த்ராட்டில் பாடியில் கரி. பெட்ரோல் போட்டுக் கிளம்பியதும் நின்றால் டாங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கலாம். இது பலருக்குத் தோன்றவே தோன்றாது.

நின்ற அந்த நிமிடத்திலேயே ப்ளக்கில் ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் பிரஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடும் வண்டியில் பார்த்துப் பயனில்லை. அதனால் ஸ்கேனரை மாட்டி, மெக்கானிக்கே அரை மணி, ஒரு மணி ஓட்டிப் பார்க்கணும்.

இங்கேதான் நம் மேலும் குற்றம் இருக்கிறது. பம்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் "சும்மா பாத்ததுக்கா?" என்போம். பார்ட் மாற்றினால்தான் காசு என்றால் அவரும் பார்ட்டைத்தான் மாற்றுவார். அடுத்த முறை வண்டியை விடும்போது எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "முதல்ல காரணத்தக் கண்டுபிடிங்கண்ணே, அதுக்குத் தனியா காசு தரேன்" என்றும் சொல்லிவிடுங்கள்.