பழைய கிடாரைக் காயலான் கடையிலும் போட வேண்டாம், கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க வேண்டாம்



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. மறைந்த என் அண்ணனின் எலெக்ட்ரிக் கிடாரை என்ன செய்வது என்பதுதான் விஷயம். 1980களில் வாங்கிய கல்கத்தா தயாரிப்பு. செஞ்சி, தேசூர், வந்தவாசி வட்டாரத்துத் திருவிழா மேடைகளில் இருபது வருஷம் மெல்லிசைக் கச்சேரி கண்டது. இப்போது அவர் பேரன் அதில் கற்றுக்கொள்கிறேன் என்கிறான்.

ஒரு கட்சி சொல்கிறது: "கடைக்காரரே தேறாதுன்னு சொல்லிட்டார். எடைக்குப் போட்டுட்டுத் தவணையில புதுசு வாங்கிக் குடுங்க." இன்னொரு கட்சி: "அப்பா கை பட்ட பொருள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. கண்ணாடிப் பெட்டி செஞ்சு மாட்டி வைங்க."

இரண்டு பேச்சும் தப்பு. குழுவில் நான்கு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கும். கிடாராக இல்லாவிட்டால் ஆர்மோனியமாகவோ ரேடியோவாகவோ இருக்கும். ஆகவே நீங்களும் படியுங்கள்.

முதலில் "தேறாது" கட்சிக்கு.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களைக் கேட்கிறேன். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது என்ன? கம்பிச் சுருளை ஊடுருவும் காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். கிடாரின் பிக்கப் அவ்வளவுதான். காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது புலம் மாறுகிறது. சுருளில் சிக்னல் பிறக்கிறது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? சுருள் அறுந்திருக்கலாம். மல்ட்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அப்போதும் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், கிடாரையே மாற்ற வேண்டியதில்லை.

வால்யூம் திருகும்போது கரகரவென்கிறதா? திருகு உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள். அப்படியும் போகாவிட்டால் புதுக் கன்ட்ரோல் போடலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 என்பது வழக்கம். பழைய டேப் ரெக்கார்டர் பிரித்துப் பார்த்த எவனும் இதைச் சாலிடர் செய்துவிடுவான்.

சும்மா இருக்கும்போதே "ம்ம்ம்" என்று இரைகிறதா? அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. உள்குழிக்குச் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தால் ஓரளவு இரைச்சல் அடங்கும். எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இரட்டைச் சுருளைப் போட்டால் இந்த முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதுவும் பள்ளிப் பாடம்தான்.

சுருதி சேரவில்லையா? 12ஆவது ஃப்ரெட் என்பது கம்பி நீளத்தில் சரிபாதி. அந்த இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் நாதமும் அழுத்தி மீட்டும் நாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜில் சேடிலை முன்னே பின்னே நகர்த்துங்கள். செலவு பூஜ்யம்.

பிறகு ஏன் "தேறாது" என்றார்கள்? ரிப்பேரில் கிடைப்பது சில நூறு. புதுசு விற்றால் கிடைப்பது பல ஆயிரம். கடைக்காரர் வியாபாரம் செய்கிறார், அவரை நான் குறை சொல்லவில்லை. கிடாரைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் தவணைக் கடனை இழுத்து வரும் படித்த பிள்ளைகள் மேல்தான் எனக்குக் கோபம். மதிப்பெண்ணுக்குப் படித்த மின்காந்தவியல் பரணில் கிடக்கும் பொருளுக்கு உதவாது என்றால், நான் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியது எதற்கு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கழுத்துக்கட்டை முறுக்கிக்கொண்டு, உள்ளே சரிசெய்யும் கம்பியும் இல்லாமல் இருந்தால், அந்தக் கழுத்துக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். அண்ணன் கிடாரின் கழுத்தை நீளவாக்கில் கண் வைத்துப் பார்த்தேன். நேராகவே இருக்கிறது.

இனி "தொடாதே" கட்சிக்கு.

லியோ ஃபெண்டர் 1950களில் கொண்டுவந்த கிடார்களில் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை, நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். பழுதானால் கழற்றி மாற்ற வசதியாக இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அண்ணன் கிடாரும் அதே அமைப்புதான். கழற்றுவதற்கென்றே செய்த பொருளைக் கழற்றக் கூடாது என்பது என்ன பக்தி?

மேண்டலின் ஸ்ரீனிவாஸை நினைத்துப் பாருங்கள். மேண்டலினுக்கு எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. அதில் கமகம் வராது, கர்நாடக சங்கீதத்துக்கு ஆகாது என்றார்கள். அவர் எலெக்ட்ரிக் மேண்டலினை எடுத்தார், ஜோடிக் கம்பிகளை நீக்கினார், ஒற்றைக் கம்பிகள் ஐந்து போட்டார். மேல்நாட்டுக் கருவி கச்சேரி மேடைக்கு வந்தது. வாத்தியத்தை அப்படியே வைத்துக் கும்பிட்டிருந்தால் நமக்கு ஸ்ரீனிவாஸ் கிடைத்திருப்பாரா? அதற்கு முன்பே பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வயலின் வந்தது. நம்மவர்கள் சுருதியை மாற்றி, சம்மணமிட்டு உட்கார்ந்து, அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

ஊர்ப் பக்கமே பாருங்கள். செஞ்சிக் கோட்டையை நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் என்று ஆளுக்கொரு கை பார்த்தார்கள். 1677இல் சிவாஜி பிடித்ததும் மதிலைப் பலப்படுத்தினார். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அப்படி மாறி மாறி வந்த கோட்டைதான். "இன்று அங்கே ஒரு கல்லை நகர்த்தினால் குற்றமாயிற்றே சார்" என்பீர்கள். சரிதான். அங்கே இனி யாரும் போர் செய்யப் போவதில்லை. இந்தக் கிடாரில் ஒரு பையன் நாளை வாசிக்கப் போகிறான்.

ஆனால் மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. நம் சீயமங்கலம் குடைவரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்தது. ஆடும் சிவனைத் தூணிலே பார்த்திருப்பீர்கள். முன்னால் உள்ள மண்டபங்கள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. தங்கள் காலத்துக்குத் தேவையானதைக் கட்டினார்கள். அதற்காகப் பல்லவன் குடைந்ததைச் சிதைக்கவில்லை. கிடாருக்கும் இதுதான் விதி. திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். யூடியூப் பார்த்துவிட்டு உளியை எடுத்து உடலில் பெரிய குழி தோண்டாதீர்கள். பழைய பிக்கப்பின் அளவிலேயே வரும் இரட்டைச் சுருள் கிடைக்கிறது, அதைத் தேடி வாங்குங்கள். கழற்றிய ஒவ்வொரு உதிரியையும் ஒரு டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி வையுங்கள். அண்ணனின் நினைவு அந்த டப்பாவிலும் பத்திரமாக இருக்கும்.

கடைசியாக, இரண்டு கட்சியும் பேசாத ஒன்று. கிடாரின் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் நம் திருவிழா மேடைகளில் இன்னும் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால் மின்சாரம் நேராக விரலுக்கு வரும். 1972இல் வேல்ஸின் சுவான்சீ நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். வயது 27. பிக்கப்புக்குச் செலவு செய்வதற்கு முன்னால் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். கருவியில் செய்யும் முதல் மேம்பாடு அதுதான்.

மாப்பிள்ளைகளே, மருமகள்களே, தவணைப் படிவத்தை மூடி வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுத்த ஆசாரியையும் அனுப்பிவிடுங்கள். செலவுக் கணக்கை நான் எழுதிவிட்டேன்: புதுக் கம்பி ஒரு செட், இரண்டு கன்ட்ரோல், ஒரு ஜாக், செப்புத் தகடு, கான்டாக்ட் கிளீனர். எல்லாம் சேர்த்தாலும் புதுக் கிடாரின் முதல் தவணையைத் தாண்டாது.

சாலிடரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது. ஆனால் பிடிக்கப் போவது பையன்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்